அரைக்கம்பம்

கயிறு ஈரமாக இருக்கிறது, இரவு முழுக்கப் பனியில் நனைந்த நைலோன் கயிறு, உள்ளங்கையில் ஏறிய குளிர் முழங்கை வரை போகிறது, ஆனாலும் நான் விடப்போவதில்லை. தோட்டத்துத் தொரை வந்துகொண்டே இருக்கிறார், பங்களா வளைவில் ஜீப் தெரிகிறது என்று சொல்லிப் பள்ளிக்கூட அதிபர் யோகராஜன் கம்பத்தில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். ஜீப் தெரிந்தது உண்மைதான், ஆனால் அது ஸ்டோர்ப் பக்கம், அதுதான் தேயிலை ஆலைப் பக்கம், திரும்பிப் போய்விட்டது. அதன் பிறகு அவர் வாசலுக்கும் கம்பத்துக்குமாக நடந்துகொண்டிருக்கிறார், நான் கம்பத்தடியில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் கயிறும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன், மடித்த கொடி என் மடியில் கிடக்கிறது. கைக்குழந்தை மாதிரி என்று ஒரு வரி மனதில் வருகிறது, வந்த வேகத்தில் அதைத் துரத்துகிறேன், இது குழந்தை இல்லை, துணி. நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து எழுபத்தைந்து வருஷம், இன்னும் தொரை வந்தால்தான் கொடி ஏறும். வெள்ளைக்காரர் போய் இந்த ஊர்க்காரர் வந்தார், கம்பெனி போய் அரசாங்கம் வந்து திரும்பவும் கம்பெனி வந்தது, பலகையில் மானேஜர் என்று எழுதியிருக்கிறது, சனங்களின் வாயில் தொரைதான், வெட்கம் என்னவென்றால் என் வாயிலும் அதுதான் வருகிறது. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், வெள்ளைச் சீருடை, சிலர் கையில் சின்னக் காகிதக் கொடி, பனி விலகி வெயில் ஏற ஏற அந்தக் கொடிகளை நெற்றிக்கு மறைப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள், கொடியால் இன்றைக்குக் கண்ணெதிரே தெரிகிற ஒரே பிரயோசனம் அதுதான். முந்தாநாள் யோகராஜன் என் வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்தவர், என் முன்னால் இன்னும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். எண்பத்து மூன்று வயதில் இந்தத் தோட்டத்தில் முதல் சுதந்திர தினத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் எழுந்து நடக்கக் கூடியவர்கள் நானும் காத்தாயியும்தான், அதனால் நான்தான் கொடி ஏற்ற வேண்டும், சுதந்திரத்தின் பெறுமதி பற்றி ஐந்து நிமிஷம் பேச வேண்டும் என்றார். தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைக்காமல், அதற்குள்ளே பார்த்துக்கொண்டு, "ஒங்கப்பா கதைய மட்டும் வேணாம் டீச்சர்" என்றார்.

காரணம் இருக்கிறது, எப்போதும் ஒரு காரணம் இருக்கும். பொம்பளைப் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இல்லை, கட்டப் பணம் வந்திருக்கிறது, காணி இல்லை, பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே ஒரு சாண் நிலம்கூடத் தோட்டத்தினுடையது, இன்றைய விழா முடிந்ததும் கையெழுத்து வைக்கிறேன் என்று தொரை வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் இந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலமெல்லாம் பிள்ளைகள் தேயிலைக்குள்தான் போனார்கள், காலில் அட்டை ஏறி இரத்தம் வழிய வகுப்புக்குத் திரும்பி வருவார்கள், நான் உப்புத் தண்ணீர் வைத்திருப்பேன். அதனால் சரி என்றேன். அப்பாவைப் பற்றிப் பேசமாட்டேன். ஒரு கழிப்பறைக்காக அப்பாவை விழுங்கிக்கொள்கிறேன். அவர் கோபிக்கமாட்டார், அவர் வாத்தியார், பிள்ளைகளுக்காக என்றால் எதையும் விட்டுக்கொடுப்பார், ஆனால் எனக்கு ஏன் விழுங்க முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் காத்தாயி வெற்றிலை மடிக்கிறாள். என் வயதுதான், என்னோடு அதே லயத்து வரிசைவீட்டு முற்றத்தில் விளையாடியவள், நான் கண்டியில் கன்னிமார் நடத்துகிற பள்ளிக்கூடத்தில் படிக்கப் போனபோது அவள் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டினாள், அதனால்தான் நான் டீச்சரம்மா, அவள் காத்தாயி. தொரைக்கு இன்னும் பொழுது விடியலையா என்று கேட்கிறாள், யாருக்கும் குறிப்பாக இல்லாமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பின்வரிசையில் கொழுந்து எடுக்கிற பெண்கள் சிரிக்கிறார்கள். இன்றைக்கு லீவு, ஆனால் லீவு நாளில் விழாவுக்கு வராவிட்டால் நாளைக்குக் கங்காணி முகம் வேறு மாதிரி இருக்கும் என்று வந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போனால் நம்ம எல்லாத்துக்கும் அரைப்பேருதான் என்கிறாள் காத்தாயி. நாள் முழுக்க மலை ஏறி இறங்கினாலும் கொழுந்து நிறை குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளத்துக்குத்தான் பெயர் விழும், அதுதான் அரைப்பேர். அவள் வாழ்க்கையில் பயப்பட்ட ஒரே சொல் அது, புருஷனுக்குக்கூட அப்படிப் பயந்ததில்லை. சென்ற மாதம் பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி வந்து உங்களுக்கு எப்போது பிரஜாவுரிமை கிடைத்தது என்று அவளிடம் கேட்டாள். காத்தாயி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எனக்கு மூணு பேரப்புள்ள பொறந்த பொறகுதான் நான் இந்த நாட்டுல பொறந்தேன்" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கவிதை படித்தவள், மூன்று மொழியில் படித்தவள், அப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை.

மடியில் கிடக்கிற கொடியைத் திருத்தி மடிக்கிறேன். சிங்கம் உள்ளே போய்விட்டது, வெளியே தெரிவது பச்சைப் பட்டையும் செம்மஞ்சள் பட்டையும். பச்சை முஸ்லிம்களுக்கு, செம்மஞ்சள் தமிழருக்கு என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நானே அதைப் படிப்பித்திருக்கிறேன், கட்டத்துக்குள் சிங்கம், கட்டத்துக்கு வெளியே நாம் என்று ஒரு பிள்ளை ஒருமுறை சொன்னான், அவனைத் திட்டவும் முடியாமல் மெச்சவும் முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். முதல் சுதந்திர தினத்தில் இந்தப் பட்டைகளும் கிடையாது, பிறகு சேர்த்தார்கள். அந்த முதல் நாளில் எங்கள் தோட்டத்தில் ஏறியது இந்தக் கொடியே இல்லை. அதுதான் கதை, அதைத்தான் பேசக்கூடாது. எனக்கு எட்டு வயது. பெரட்டுக்களம், அதுதான் விடியற்காலையில் தப்பு அடித்து ஆட்களை நிறுத்தி வேலைக்குப் பிரிக்கிற மைதானம், அதன் நடுவில் ஒரு சவுக்குக் கம்பம். அதில் முந்தின ஆகஸ்டில் அப்பா ஏற்றிய மூவர்ணக் கொடி. கடல் தாண்டி இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்தது என்று அம்மா தைத்த கொடி, காவி நிறத்துக்கு மஞ்சளையும் குங்குமத்தையும் கலந்து துணியை முக்கினாள், அது காவியாகவும் இல்லை சிவப்பாகவும் இல்லை, நடுச் சக்கரத்தை அப்பா பள்ளிக்கூடத்து மையால் வரைந்தார், ஆரங்கள் ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும் இருக்கும். மலைநாட்டில் எத்தனையோ தோட்டங்களில் அப்படி ஏற்றினார்கள். பிறகு ஜனவரிக் கடைசியில் காந்தி செத்துப்போனார். ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற டீமேக்கர் வீட்டு ரேடியோவில் கேட்டுவிட்டு அப்பா ஓடி வந்து அதே கொடியை அரைக்கம்பத்தில் இறக்கிக் கட்டினார், சனங்கள் தலையில் துண்டு போட்டுக்கொண்டு கம்பத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள், பெற்ற தகப்பனுக்கு வைக்கிற ஒப்பாரி. துக்கம் முடியவில்லை, அதற்குள் இந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. அப்பா பங்களாவுக்குப் போய் வெள்ளைக்காரத் தொரையிடம் புதுக் கொடி ஒன்று கேட்டார். ஒன்றே ஒன்றுதான் வந்திருக்கிறது, அது பங்களாவுக்கு, கூலிகளுக்கு எதற்குக் கொடி என்றாராம். அப்பா திரும்பி வந்தார். கம்பத்தைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றார். கொண்டாட்டத்துக்குக் கொடி வேண்டும், இருக்கிறது ஒரு கொடி, அதுவோ துக்கத்தில் நிற்கிறது. பெரிய கங்காணி, மீசையெல்லாம் நரைத்த மனிதர், காந்தி துக்கம் தீரவில்லையே வாத்தியாரே, எப்படி மேலே ஏற்றுவது என்று கேட்டார். அப்பா சொன்னது எனக்கு இன்றைக்கும் அந்தக் குரலிலேயே கேட்கிறது. "ஒரு வீட்டுல சாவு, ஒரு வீட்டுல கல்யாணம். ரெண்டும் நம்ம வீடுதான் கங்காணி." சொல்லிவிட்டு அரைக்கம்பத்தில் இருந்த கொடியை உச்சிக்கு ஏற்றினார். இந்த நாட்டுக்காக. தன் தகப்பனின் துக்கத்தை ஒருநாள் ஒத்திவைத்து இந்த நாட்டுக்காக ஏற்றினார். சனங்கள் கைதட்டினார்கள், யாரோ சர்க்கரை கொடுத்தார்கள், என் கையில் விழுந்த சர்க்கரை வியர்வையில் கரைந்தது, நான் நக்கிக்கொண்டே மேலே பார்த்தேன். பொழுது சாய்ந்ததும் திரும்ப அரைக்கம்பத்துக்கு இறக்கினார். இதைவிடப் பெரிய மரியாதையை இந்த நாட்டுக்கு வேறு எவன் செய்தான், கொழும்பில் அன்றைக்குத் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு நின்றவர்களில் எவன் செய்தான்.

ஒரு சின்னப் பெண் வரிசையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மயக்கமில்லை, காலையில் சாப்பிடவில்லையாம், கோதுமை மா விற்கிற விலையில் ரொட்டி எண்ணித்தான் சுடுகிறார்கள். டீச்சர் ஒருத்தி அவளை நிழலுக்குக் கூட்டிப்போகிறாள். மேசையில் தட்டில் பரப்பி அழுத்திய பாற்சோற்றை மூடி வைத்திருக்கிறார்கள், தேங்காய்ப்பால் வாசனை வருகிறது, தொரை வந்து வெட்டினால்தான் பிள்ளைகளுக்குக் கிடைக்கும். பசித்த பிள்ளைகளைப் பாற்சோற்றின் முன்னால் நிறுத்தி வைத்துவிட்டுச் சுதந்திரத்தின் பெறுமதியை என்னைச் சொல்லச் சொல்கிறார்கள். என்னத்தைச் சொல்ல. அந்தச் சுதந்திரம் வந்த வருஷம் முடிவதற்குள் ஒரு சட்டம் வந்தது, நாங்கள் யாரும் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று. வெள்ளைக்காரன் இருந்தவரை நாங்கள் அடிமைகள், அவன் போனதும் அதுவும் இல்லை, ஒன்றுமே இல்லை. வேண்டுமானால் விண்ணப்பியுங்கள், விசாரித்துத் தருகிறோம் என்றார்கள். அப்பா விண்ணப்பித்தார். இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், அவருடைய அப்பாவும் இங்கேதான் பிறந்தார். விசாரணைக்குக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்க அலுவலகத்துக்கு, வரச் சொன்னபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார், மகள் கன்னிமாரிடம் இங்கிலீஷ் படிக்கிறாள் என்று அதிகாரிக்குத் தெரியட்டும் என்ற ஒரு சின்ன ஆசை. வெள்ளை வேட்டி, கோட்டு, கோட்டுக்குக் கீழே செருப்பில்லாத கால். நான் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன், மூட்டைப்பூச்சி கடித்தது, கன்னியாஸ்திரிகள் சொல்லித் தந்தபடி அசையாமல் இருந்தேன். அதிகாரி இங்கிலீஷில் கேட்டார், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர், தமிழர், மெலிந்த மனிதர், பேசும்போது தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார். எங்கே பிறந்தாய், எத்தனை பிள்ளை, இந்தியாவுக்குப் பணம் அனுப்புகிறாயா. எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பிறகு அதிகாரி தலை நிமிராமல், சுதந்திர தினத்தன்று உங்கள் தோட்டத்தில் என்ன கொடி ஏறியது, ஏற்றியது யார் என்று கேட்டார். யார் போய்ச் சொன்னது, கடைசிவரை தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் கேள்வியைச் சொல்லிவிட்டு, மூடியைத் திருகியபடியே, அதே தொனியில், கேள்வியின் மிச்சம் மாதிரி, கோயில் திருவிழாக் கொடின்னு சொல்லிருங்க வாத்தியாரே, நான் பாத்துக்கிறேன் என்றார். நல்ல மனிதர். அந்த நல்ல மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அப்பா மொழிபெயர்ப்பாளரை விட்டு அதிகாரியைப் பார்த்தார். பிறகு சொன்னார். "கோயில் கொடி இல்ல. நான்தான் ஏத்துனேன். இந்த நாட்டுக்காகத்தான் ஏத்துனேன்." மொழிபெயர்ப்பாளர் அதிகாரியைப் பார்த்து இங்கிலீஷில், அவர்தான் ஏற்றினாராம் என்றார். அவ்வளவுதான். அடுத்ததை அவர் சொல்லவில்லை. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்து லேசாகத் தலை நிமிர்ந்தார், அந்த நிமிர்வு இருக்கிறதே, அது என்னைக் கொல்கிறது. அந்தக் கடைசி வாக்கியம் அந்த அறையிலேயே எங்கோ விழுந்துவிட்டது. கேட்டவள் நான் ஒருத்தி, பன்னிரண்டு வயது, என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பயந்து விட்டாரா, மேலும் சிக்கலாகும் என்று நினைத்தாரா, அலுத்துப் போனாரா, மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதா. அந்த வாக்கியத்தைச் சொல்லியிருந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடிதான் ஆகியிருக்கும், அது எனக்குத் தெரியும், ஆயிரக்கணக்கில் தள்ளினார்கள், ஒரு வாக்கியத்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் சொல்லியிருக்க வேண்டும். தள்ளினாலும் முழு மனிதனைத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளுபடி என்று தெரிந்த அன்றைக்கு அம்மா தகரப் பெட்டியைத் திறந்து கொடியை எடுத்து, நாலாக மடித்து, அடுப்படியில் பானை இறக்குகிற துணியாக்கினாள். நாங்கள் சோறு சாப்பிட்ட நாளெல்லாம் அது கரி பிடித்துக்கொண்டே வந்தது, சக்கரம் கடைசியாகத்தான் மறைந்தது.

வெயில் உச்சந்தலையில் குத்துகிறது. யோகராஜன் ஒரு குடையோடு வருகிறார், வேண்டாம் என்கிறேன். தண்ணீர் டீச்சர் என்கிறார், அதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொடு என்கிறேன், என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது, அவர் முகம் சுருங்குகிறது, பாவம், அவர்மேல் என்ன கோபம். தேசிய கீதத்தைச் சிங்களத்தில் பாடினால் தொரை சந்தோஷப்படுவார் என்று யாரோ சொன்னபோது, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் தமிழில்தான் என்று நின்றவர் இவர். காணிக்காக எவ்வளவு குனிந்தாலும் அந்த ஓர் இடத்தில் குனியவில்லை. நான் குனிந்தேன். அப்பாவைப் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிறகு இந்த நாடும் இந்தியாவுமாக இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டார்களே, கொழுந்தை நிறுத்துப் பிரிக்கிற மாதிரி, அப்போதும் குனிந்துதான் இருந்தோம். எனக்குக் கல்யாணமாகியிருந்தது, என்னைக் கட்டியவருக்குப் பிரஜாவுரிமை இருந்தது, அவர் தயவில் எனக்கும். அப்பாவும் அம்மாவும் தம்பி கதிரேசனும் இந்தியாவுக்கு. ரயிலடியில் அன்றைக்கு எழுந்த சத்தத்தை எந்தக் கவிதையிலும் நான் வைக்கவில்லை, வைக்க முடியாது, இஞ்சின் ஊதியதா சனங்கள் கத்தினார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரே சத்தம். ரயில் நகர நகர அம்மா ஜன்னல் வழியாக என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, நான் மேடை முடிகிற இடம் வரை ஓடினேன். அப்பா மட்டும் வெளியே பார்க்கவில்லை. அவர் எதிர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடலூரில் அவர்களுக்கு ஒரு வீடு கொடுத்தார்கள், அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் லயம்தான். அங்கே அவருக்குப் பெயர் சிலோன்காரர். எந்த நாட்டுக் கொடியை ஏற்றினார் என்று அவரைத் துரத்தினார்களோ, அந்த நாட்டுக்குப் போனதும் அவர் சிலோன்காரர். அவர் சாகும் தறுவாயில் கதிரேசன் பக்கத்தில் இருந்தான். அந்த ஆபீசர் கடேசி வரைக்கும் ஒண்ணும் சொல்லலையேப்பா என்றாராம். அந்த வாக்கியத்துக்குப் பதில் எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார், இத்தனை வருஷம், கடல் தாண்டியும். அது போய்ச் சேரவே இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்.

ஜீப். இந்தத் தடவை ஜீப்தான். பாண்டு வாத்தியம் அவசரமாகத் தொடங்கித் தப்பாக அடித்து நின்று திரும்பத் தொடங்குகிறது. தொரை இறங்குகிறார், இளம் பையன், முப்பத்தைந்து இருக்குமா, முகத்தில் உண்மையான வருத்தம், ஸ்டோரில் மெஷின் ஏதோ நின்றுவிட்டதாம், அரைகுறைத் தமிழில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறார், என் முன்னால் வந்து அம்மே என்று குனிந்து கையைத் தொடுகிறார். நல்ல பையன். அதுதான் கஷ்டம், கோபத்தை வைக்க ஓர் இடம் வேண்டும், எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், மொழிபெயர்ப்பாளர் நல்லவர், யோகராஜன் நல்லவர், இந்தப் பையன் நல்லவன், இத்தனை நல்லவர்களுக்கு நடுவே எங்களுக்கு இது எப்படி நடந்தது. விளக்கேற்றுகிறார்கள். நாட்டுக்காக உயிர் நீத்தவர்களுக்கு இரண்டு நிமிஷ மௌனம் என்று அறிவிக்கிறார்கள். மடியில் கிடந்த கொடியை முழங்கையில் தாங்கிக்கொண்டு எழுந்து நிற்கிறேன், கயிறும் என்னோடு எழுகிறது. மௌனம். இந்த மௌனத்துக்குள் யாரை அழைக்க அனுமதி என்று யாரும் சொல்லவில்லை, நான் என் ஆட்களை அழைக்கிறேன். கூலி வேலைக்குக் கடல் தாண்டி வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தபோது பேதி கண்டு வழியில் விழுந்தவர்களை. விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு நடந்தார்களே, அவர்களை. இந்த மலையை வெட்டி ரோட்டுப் போட்டுப் பாறை சரிந்து மூடியவர்களை. பிள்ளைப்பேற்றில் லயத்து இருட்டில் போனவர்களை, காத்தாயியின் அக்கா, என் பெரியம்மா. அவர்கள் நாட்டுக்காகச் சாகவில்லையா, தேயிலைக்காகச் செத்தார்கள் என்றால் தேயிலைதான் இந்த நாடு, அதை விற்றுத்தான் இந்த நாடு சோறு தின்றது, இன்றைக்கும் தின்கிறது. சுதந்திரத்தின் பெறுமதி என்ன என்று கேட்டாயே யோகராஜன், எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்களிடம்தான் அது இருக்கவில்லை, பசித்தவனைக் கேள் சோற்றின் ருசியை. நான் நிற்கிற மண்ணில் நான் நிற்பதற்கு எவனும் எனக்கு அனுமதி தரத் தேவையில்லை, அவ்வளவுதான், அதற்கு மேல் சுதந்திரம் என்று ஒன்றும் இல்லை. ஒரு காக்கை கூரைத் தகட்டில் நடக்கிறது, நகச் சத்தம். மௌனம் முடிந்தது.

பிள்ளைகள் பாடத் தொடங்குகிறார்கள், தமிழில். நான் கயிற்றை இழுக்கிறேன். கொடி முழங்கையை விட்டு எழுந்து மடிப்பு மடிப்பாக விரிகிறது, சிங்கம் வெளியே வருகிறது. கை வலிக்கவில்லை, ஆச்சரியம், கப்பி கிறீச்சிடுகிறது, தோள் உயரம், தலை உயரம், பள்ளிக்கூடக் கூரையின் உயரம். அங்கே காற்று இருக்கிறது, மேலே ஏறியதும் கொடி சடசடவென்று அடிக்கிறது. அப்போதுதான் பார்க்கிறேன், இத்தனை வருஷம் பார்த்தும் பார்க்காததை. கயிற்றை ஒட்டி இருப்பவை அந்த இரண்டு பட்டைகள். சிங்கம் அந்தப் பக்கம் ஆடுகிறது, காற்று இழுக்கிற இழுப்பெல்லாம் விழுவது இந்தப் பட்டைகளில், கொடியின் பாரம் முழுவதும் இங்கேதான் தைத்திருக்கிறது. என் கை நின்றுவிட்டது. நான் நிறுத்த நினைத்தேனா, கை தானாக நின்றதா, தெரியவில்லை, நின்றுவிட்டது, சரியாகப் பாதிக் கம்பத்தில். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன். பாட்டு முடிகிறது. காத்தாயியும் பின்வரிசைப் பெண்களும் பழக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். யோகராஜன் என் காதருகே வந்து மிக மெல்ல, கயிறு சிக்கிடிச்சா டீச்சர் என்கிறார். நான் கொடியைப் பார்க்கிறேன். அவர் தொரையின் பக்கம் திரும்பிச் சிரித்தபடி சிங்களத்தில் சொல்கிறார், கயிறு சிக்கிவிட்டது சேர், பழைய கப்பி. அதே தொனி. அதே பேனா மூடித் தொனி. கோயில் கொடின்னு சொல்லிருங்க வாத்தியாரே. எவ்வளவு சுலபம், ஆமாம் சிக்கிவிட்டது என்று நான் தலையை ஆட்டினால் போதும், ஒரு பையனைக் கம்பத்தில் ஏற்றிச் சிக்கை எடுக்கலாம், காணியும் கிடைக்கும், பாற்சோறும் கிடைக்கும். முன்வரிசையில் பெரிய வகுப்புப் பெண்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்காகத்தான் கழிப்பறை, அவர்கள் கண்ணைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. காணி போனால் இவர்கள் தேயிலைக்குள் போவார்கள். போகலாம். என்னைத் திட்டலாம். ஆனால் இவர்களுக்கு முன்னால் நான் தலையை ஆட்டிவிட்டால் இவர்களுக்கு வேறு என்ன மிஞ்சும். நான் தொரையின் பக்கம் திரும்புகிறேன். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை, அவருடைய மொழி எனக்குத் தெரியும், சிங்களத்திலேயே சொல்கிறேன்.

"கயிறு சிக்கவில்லை மகனே. நான்தான் நிறுத்தியிருக்கிறேன்."

மூச்சு வாங்குகிறது. அடுத்ததைச் சொல்லாமல் விட்டால் இதுவும் பாதியில் நிற்கும்.

"இந்த நாட்டுக்காகத்தான் நிறுத்தியிருக்கிறேன்."

தொரையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கோபமா, குழப்பமா, அவர் கொடியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், எவ்வளவு நேரத்துக்கு அம்மே என்று கேட்கிறார், கேலியாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறார். யோகராஜன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். என்னாடி சொன்ன அவருக்கிட்ட என்று காத்தாயி கேட்கிறாள், தமிழில் சொல்கிறேன், இரண்டையும் சொல்கிறேன். அவள் கழுத்தை வளைத்து மேலே பார்க்கிறாள், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளுகிறாள். "அப்ப இன்னிக்குக் கொடிக்கும் அரைப்பேருதானா டீச்சரம்மா." பின்வரிசையில் யாரோ சிரித்து, சிரிப்பைப் பாதியில் விழுங்குகிறாள். காத்தாயி நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கிறாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நிற்கிறாள், பிறகு பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிற சத்தம், நாற்காலிகளின் சத்தம். ஏற்றுவேன். அப்பா அரைக்கம்பத்திலிருந்துதான் மேலே ஏற்றினார், நானும் ஏற்றுவேன், இது என் நாட்டுக் கொடி, வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். காற்று இழுக்கிறது, மணிக்கட்டில் கயிறு இறுகுகிறது, ஈரம் காய்ந்து கயிறு சூடாகிவிட்டது, இழுப்பு முழுவதும் இப்போது என் கையில்தான் இருக்கிறது, பிடித்திருக்கிறேன்.